ஏரிக்கரைப் பெஞ்சில் இருவர்

பள்ளத்தாக்குக்குப் போய் வந்தவர்கள் எல்லோரும், அங்கே ஏரிக்கரைப் பெஞ்சில் டிக்கெட்காரரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததாகச் சொன்னார்கள். டிக்கெட்காரரும் அவர் மனைவியும் ஒருநாளும் அந்தப் பள்ளத்தாக்குக்குப் போனதில்லை. இதை ஊரில் யாரும் மறைக்கவும் இல்லை, பெரிதுபடுத்தவும் இல்லை. தக்காளி விலை ஏறியது, வாய்க்காலில் தண்ணீர் வற்றியது, டிக்கெட்காரர் ஏரிக்கரையில் இருந்தார் என்று மூன்றையும் ஒரே மூச்சில் பேசிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

அவர் வேலை பார்த்த சுற்றுலா அலுவலகம் பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஒரு செருப்புக் கடைக்கும் ஒரு ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே, இரண்டு பேர் ஒன்றாக உள்ளே நுழைய முடியாத அகலத்தில் இருந்தது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அவர் நாற்காலி. தலைக்கு மேலே ஓடும்போது ஒரு பக்கமாகச் சாயும் மின்விசிறி. சுவரில் வெயில் பட்டு நீலம் போய் வெளுத்துவிட்ட ஏரியின் படம். அந்த அலுவலகம் விற்றது ஒரே ஒரு ஊருக்குத்தான் டிக்கெட். மலைகளுக்குப் பின்னால், கணவாயைத் தாண்டி, வருடத்தில் பெரும்பகுதி பனி மூடிக் கிடக்கும் அந்தப் பள்ளத்தாக்குக்கு. பனி உருகியதும் சாலை திறக்கும், மறுபடி முதல் பனி விழுந்ததும் மூடிவிடும். இடையில் இருக்கும் சில மாதங்களில்தான் ஏரியைப் பார்க்கவும், மலை ஆடுகளையும் நீர்நாய்களையும் கழுகுகளையும் பார்க்கவும் எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வந்து குவிவார்கள். அந்த மாதங்களில் டிக்கெட்காரருக்குத் தண்ணீர் குடிக்க நேரம் இருக்காது. மற்ற மாதங்களில் அவருக்கு வேண்டிய அளவு லீவ் கிடைக்கும், ஆனால் அப்போது சாலை இருக்காது. அவர் வாழ்க்கையின் சிக்கல் முழுவதும் இவ்வளவுதான்.

பள்ளத்தாக்கைப் பற்றி அவர் அளவுக்குச் சொல்லக்கூடியவர் வேறு யாரும் இல்லை. எந்தத் திருப்பத்தில் தலை சுற்றும், எந்தப் பாறையில் மலை ஆடுகள் உப்பை நக்க வரும், நீர்நாய்கள் குட்டியோடு வெளியே வரும்போது ஏன் சீட்டியடிக்கக் கூடாது, அருவி தெரிய வேண்டுமென்றால் பேருந்தில் எந்தப் பக்கம் உட்கார வேண்டும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. போய் வந்தவர்கள் சொன்னதைக் கேட்டுக் கேட்டுச் சேர்த்துக்கொண்டது. காதில் செருகியிருந்த பேனாவை எடுத்து டிக்கெட்டில் பெயரை எழுதிக்கொண்டே, "இடது பக்கம் உட்காருங்க, அருவி தெரியும்" என்று சொல்லிவிட்டு, பேனாவை மறுபடி காதில் செருகிக்கொள்வார்.

கல்யாணமான புதிதில் அவர் மனைவியிடம் சொன்ன முதல் பெரிய வார்த்தையே, "இந்த சீசன் முடியறதுக்குள்ள உன்னை அங்க கூட்டிட்டுப் போறேன்" என்பதுதான். அவள் அதை நம்பினாள். வீட்டிலிருந்தே பள்ளிச் சீருடைகள் தைத்துக் கொடுப்பவள் அவள். தையல் கைவந்த கலை, பின்னல் தெரியாது. பக்கத்து வீட்டு அக்காவிடம் கற்றுக்கொண்டு, மஞ்சள் கம்பளி நூல் வாங்கி, தனக்கென்று ஒரு ஸ்வெட்டர் பின்னினாள். பையில் துணி அடுக்கியாயிற்று, ஃபிளாஸ்க் கழுவியாயிற்று. டிக்கெட்காரர் முதலாளியிடம் போய் லீவ் கேட்டார்.

"சீசன்ல நீங்களே மலையேறிட்டா கவுன்டர்ல யாரு உட்காருவா, உங்க மாமனாரா?" என்றார் முதலாளி. "சீசன் முடியட்டும், தாராளமா போயிட்டு வாங்க." சீசன் முடிந்தது, சாலையும் மூடியது. பையிலிருந்த துணிகள் பழையபடி பீரோவுக்குப் போயின.

அடுத்த வருடம் முதல் பேருந்தில் போய்த் திரும்பிய ஓர் ஆசிரியர், கழுத்தில் தொங்கிய தொலைநோக்கியைக்கூடக் கழற்றாமல் நேராகக் கவுன்டருக்கு வந்து கையைக் குலுக்கினார். "என்ன சார், டிக்கெட் கொடுத்ததும் நீங்க, அங்க எனக்கு முன்னாடி போய் உட்கார்ந்ததும் நீங்க. வீட்டம்மாவும் நீங்களும் சிரிச்சுப் பேசிட்டிருந்தீங்க, கூப்பிட்டேன், திரும்பவே இல்ல." டிக்கெட்காரருக்கு முகத்தில் ஈயாடவில்லை. ஆள் மாறாட்டம் என்று நினைத்துக்கொண்டார். ஆனால் அடுத்த பேருந்தில் வந்தவர்களும் அதையே சொன்னார்கள், அதற்கடுத்த பேருந்தில் வந்தவர்களும். காதில் பேனா இருந்ததை எல்லோருமே கவனித்திருந்தார்கள். விஷயம் முதலாளி காதுக்குப் போனது. அவர் வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். டிக்கெட்காரர் ஒருநாள்கூட வராமல் இருந்ததில்லை என்று தெரிந்ததும் அவருக்கு அதில் ஆர்வம் போய்விட்டது. "வேலை நேரத்துல இங்க இருக்கீங்களா, அது போதும். அதே நேரத்துல வேற எங்க இருந்தாலும் எனக்கென்ன" என்று சொல்லிவிட்டார்.

ஆனால் அவர் மனைவியால் அப்படி விட முடியவில்லை. மதியம் சாப்பாடு கொண்டுவருகிற சாக்கில் கவுன்டருக்கு வந்து, திரும்பி வந்தவர்களை ஓரமாகக் கூப்பிட்டு விசாரிப்பாள். அவ என்ன போட்டிருந்தா, தலையை எப்படி வாரியிருந்தா, அவர் அவ கையைப் பிடிச்சிருந்தாரா. மஞ்சள் ஸ்வெட்டர் என்று சொன்னார்கள். வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். பாச்சை உருண்டை வாசனையோடு ஸ்வெட்டர் மடித்து வைத்தபடியே இருந்தது. தொட்டுப் பார்த்தால் லேசான ஈரம். முதுகுப் பக்கம் அந்த ஊரில் எங்கும் முளைக்காத ஒரு புல்லின் விதை ஒட்டியிருந்தது. அவள் விதையைக் கிள்ளி எறிந்துவிட்டு, ஸ்வெட்டரை வெயிலில் உலர்த்தி, மறுபடி மடித்து வைத்தாள். அன்று மாலை அவர் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டாள்.

"அங்க மட்டும் என்னங்க அப்படி ஒரு சிரிப்பு? இங்க வந்தா தலைவலி, முதுகுவலி, விளக்கை அணைன்னு ஒரே புலம்பல். அவகிட்ட மட்டும் பேசறதுக்கு அவ்வளவு இருக்கா?"

"அது நான் இல்லம்மா."

"காதுல பேனா வச்சிருக்காராம். வேற எந்த மடையன் ஏரிக்கரைக்குப் போகும்போது காதுல பேனா வைப்பான்?"

அவர் காதிலிருந்த பேனாவை எடுத்துச் சட்டைப் பையில் செருகினார். கணவன் தன்னோடுதான் இருக்கிறான் என்பதற்காக ஒரு பெண் பொறாமைப்பட்டது அந்தத் தெருவில் அதுவே முதல் தடவை.

வருடங்கள் போயின. ஒரு சீசனில் அவர் தம்பிக்குக் கல்யாணம், ஒரு சீசனில் அவர் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார், ஒரு சீசனில் கணவாய்ச் சாலையே சரிந்து போயிற்று. சாலை திறக்கும் வாரத்தில் பரணிலிருந்து பையை இறக்கித் துணி அடுக்குவதும், மூடும் வாரத்தில் எடுத்துப் பீரோவில் வைப்பதும் அந்த வீட்டில் சுவருக்கு வெள்ளையடிப்பது போல ஒரு வழக்கமாகிவிட்டது. இடையில் அவர்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். அந்தக் குளிர்காலம் சமவெளியிலேயே கடுமையாக இருந்தது. குழந்தைக்குச் சளி கட்டி மூச்சு இழுத்தது. கடையில் கம்பளி நூல் இருப்பு இல்லை. அவள் யோசிக்கவே இல்லை. பெட்டியைத் திறந்து, மஞ்சள் ஸ்வெட்டரின் இடது கையைத் தோளிலிருந்து பிரித்து, அந்த நூலில் குழந்தைக்குக் குல்லாவும் காலுறையும் பின்னிவிட்டாள்.

அந்த வருடம் சாலை திறந்து முதலில் திரும்பி வந்தவர் தொப்பிக்காரர். வருடம் தவறாமல் கழுகுகளைப் பார்க்கப் போகிறவர், தூங்கும்போதும் தொப்பியைக் கழற்றாதவர் என்று பேர். அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அம்மாவுக்கு இடது கையில ஏதாவது அடியா? ஸ்வெட்டர்ல அந்தப் பக்கம் கையே இல்ல. முந்தானையை இழுத்துப் போர்த்திட்டு உட்கார்ந்திருந்தாங்க. அங்க காத்து ஊசி மாதிரி குத்தும்."

டிக்கெட்காரரின் மனைவி சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கவுன்டரில் வைத்துவிட்டு அப்படியே நின்றாள். அவளுடைய பொறாமை அன்றோடு போயிற்று. வீட்டுக்குப் போய் இருப்பதிலேயே தடிமனான சால்வையை எடுத்துவந்து தொப்பிக்காரரிடம் கொடுத்தாள். அடுத்த முறை அவர் போனபோது அதைப் பெஞ்சின் கைப்பிடியில் மாட்டிவிட்டு வந்தார். காலையில் பார்த்தபோது அந்த அம்மா அதைப் போர்த்தியிருந்ததாகச் சொன்னார். "இந்த வருஷம் அந்தக் கையைப் பின்னி முடிச்சிடணும்" என்று அவள் அன்றைக்குச் சொன்னாள். அதன் பிறகு வருடா வருடம் சொன்னாள். சீருடைத் துணிகள் மலையாகக் குவிந்திருந்தன, குழந்தை பள்ளிக்குப் போக வேண்டியிருந்தது, சமையலறைக் குழாய் எத்தனை தடவை பழுது பார்த்தாலும் சொட்டிக்கொண்டே இருந்தது. கை வளரவில்லை. மகள்தான் வளர்ந்தாள், படித்தாள், வேறொரு ஊரில் ஒரு மருந்து ஆய்வுக்கூடத்தில் வேலைக்குப் போனாள்.

பிறகு ஒருநாள் டிக்கெட்காரரின் மனைவி, மூன்றாவது மாடியிலிருந்த தங்கள் வீட்டுக்கு ஏறும்போது, முதல் மாடித் திருப்பத்தில் காய்கறிப் பையோடு உட்கார்ந்துவிட்டாள். வியர்த்துக் கொட்டியது. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இதயம் களைத்துவிட்டது, அறுவை சிகிச்சையைத் தாங்காது, மாத்திரையில் ஓடும் வரை ஓட்டலாம் என்றார். அவர் வெளிப்படையானவர். "மேட்டுப் பக்கம் மட்டும் போயிடாதீங்க. காத்து குறைவான இடம் எதுவும் ஆகாது" என்றார். டிக்கெட்காரர் எதற்கும் கேட்டு வைப்போமே என்று பள்ளத்தாக்கின் பேரைச் சொன்னார். டாக்டர் சிரித்தேவிட்டார். "நல்லாக் கேட்டீங்க. கணவாயிலேயே முடிஞ்சிடும்."

அவர்கள் தரைத்தளத்தில் ஒரு வீட்டுக்கு மாறினார்கள். சாமான்களை இறக்கும்போது அந்தப் பையும் பரணிலிருந்து இறங்கியது. புது வீட்டில் பரண் இருந்தது, ஆனால் டிக்கெட்காரருக்கு அதைத் தூக்கி மேலே போட மனம் வரவில்லை. கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்தார். அது தினமும் அவர் காலில் இடறியது. கவுன்டரில் அவருடைய பேச்சு குறைந்துபோனது. ஆடுகள் எங்கே வரும் என்று யாராவது கேட்டால், "போனா தெரியும்" என்றார். அந்த சீசனில் திரும்பி வந்தவர்கள், பெஞ்சில் இருந்த இருவரும் இப்போதெல்லாம் சிரிப்பதில்லை, ஏரியைப் பார்க்காமல் சாலை இறங்கும் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார்கள்.

சீசன் முடியப் போகும் சமயத்தில் ஒரு மாலை, தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்த மனைவி அவரைக் கூப்பிட்டு, "ஏங்க, நீங்க ஒருதடவை போயிட்டு வாங்க" என்றாள்.

"உன்னை விட்டுட்டா?"

"என்னைப் பார்க்கத்தானே போகச் சொல்றேன்." அவள் மூச்சு வாங்கிக்கொண்டு மெதுவாகப் பேசினாள். "அவ எப்படி இருக்கான்னு பார்த்துட்டு வந்து சொல்லுங்க. எனக்கு இழுக்கிற மாதிரி அவளுக்கும் இழுக்குதான்னு கேளுங்க. அவளாவது நல்லா மூச்சு விடறான்னா எனக்கு அது போதும்ங்க. இல்லன்னா, ரெண்டு பேருமே ஏமாந்துட்டோம்னு அர்த்தம்."

மறுநாளே லீவ் கேட்பதென்று அவர் முடிவுசெய்தார். அவள் கேட்டதற்காக அல்ல, இத்தனை வருடத்தில் ஏமாந்துட்டோம் என்ற வார்த்தையை அவள் ஒருதடவைகூடச் சொன்னதில்லை என்பதற்காக.

பழைய முதலாளி காலமாகி, அவர் மகன் அப்போது அலுவலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். லீவ் கேட்டதும் அவன் விழித்தான். "அண்ணே, நீங்க சீசன்ல லீவ் கேட்டதே இல்லையே?"

"கேட்டிருக்கேன் தம்பி. உங்க அப்பாகிட்ட."

"என்ன சொன்னார்?"

"சீசன் முடியட்டும்னார்."

மகன் தலைகுனிந்துகொண்டான். கவுன்டரில் தானே உட்காருவதாகச் சொன்னான். ஊரிலிருந்து டிக்கெட்காரரின் மகள் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்தாள். வரும்போதே, போனில் அம்மா சொன்னபடி மஞ்சள் கம்பளி நூல் வாங்கி வந்திருந்தாள். பழைய ஸ்வெட்டர் பழுத்த எலுமிச்சை நிறம். புது நூல் வேறு மஞ்சள், மாம்பழத் தோல் போலக் கொஞ்சம் சிவந்தது. "இதுதான்மா கிடைச்சது" என்றாள். "கை குளிராம இருந்தா போதும், கலரா முக்கியம்" என்றாள் அம்மா.

அவர் தனக்குத் தானே டிக்கெட் எழுதிக்கொண்டபோதுதான் தெரிந்தது, இடது பக்கத்து இருக்கைகளை எல்லாம் அவரே சொல்லிச் சொல்லி விற்றுத் தீர்த்திருந்தார். அருவி வந்தபோது பேருந்தே இடது பக்கம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. டிக்கெட்காரர் வலது பக்கம் உட்கார்ந்து, ஜன்னலுக்கு ஒரு முழம் தள்ளி ஓடிய பாறைச்சுவரைப் பார்த்துக்கொண்டு போனார். ஆனாலும் கணவாய் நெருங்க நெருங்க, அவர் வாயால் ஆயிரம் தடவை சொன்னவை எல்லாம் ஒவ்வொன்றாக எதிரே வந்து நின்றன. வளைந்த கொம்புகளோடு ஆடுகள் செங்குத்துப் பாறையில் தொற்றிக்கொண்டு உப்பை நக்கின. கழுகின் நிழல் பேருந்தின் மேல் ஏறி இறங்கிப் போயிற்று. எதையும் அவர் தப்பாகச் சொல்லியிருக்கவில்லை. வாசனையை மட்டும் யாரும் அவருக்குச் சொன்னதில்லை. ஈரக் கல்லும் நசுங்கிய புல்லும் சேர்ந்த அந்த வாசனை, வீட்டுப் பெட்டியில் பாச்சை உருண்டைக்கு அடியில் அவர் இத்தனை வருடமாக முகர்ந்த வாசனைதான்.

குறுகலான ஒரு திருப்பத்தில், பள்ளத்தாக்கிலிருந்து இறங்கி வந்த பேருந்துக்கு வழிவிட அவருடைய பேருந்து ஒதுங்கி நின்றது. இரண்டு ஜன்னல்களுக்கும் நடுவே கை நீட்டினால் தொடும் தூரம். எதிர்ப் பேருந்தின் ஜன்னலில் காதில் பேனா செருகிய ஒருவர் உட்கார்ந்திருந்தார். காற்றும் வெயிலும் பட்டுக் கறுத்த முகம், அதைத் தவிர வேறு வித்தியாசம் எதுவும் இல்லை. ஒரே இடத்தில் வேலை பார்க்கும் இருவர் ஷிப்ட் மாறும்போது வாசலில் தலையாட்டிக்கொள்வதைப் போல, இருவரும் தலையாட்டிக்கொண்டார்கள். பேருந்துகள் நகர்ந்தன.

வெயில் சாயும் நேரத்தில் அவர் ஏரிக்கரையில் இறங்கினார். விடுதி நடத்துகிறவர் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். "என்ன சார், காலையிலதானே கீழ போறேன்னு கிளம்பினீங்க? போங்க, அம்மா தனியா இருக்காங்க" என்றார், வெகுநாள் பழகியவரைப் போல. பெஞ்சு அவர் நினைத்திருந்ததைவிடச் சின்னது. தோள் உரசாமல் இருவர் உட்கார முடியாது. அவள் ஒரு ஓரமாக, பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்திருந்தாள். அதே மூக்கு, அதே வகிடு, கன்னத்தில் மட்டும் அவர் பல வருடமாகப் பார்க்காத சிவப்பு. அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். நீரில் ஒரு நீர்நாய் மல்லாந்து மிதந்தது, அதன் வயிற்றின்மேல் குட்டி. அவர் சீட்டியடிக்கவில்லை.

"மூச்சு கீச்சு இழுக்குதா உனக்கு?" என்று கடைசியில் கேட்டார்.

"இல்லையே. தினமும் ஏரியைச் சுத்தி நடக்கிறேன். ஏன், அவளுக்கு இழுக்குதா?"

அவர் ஆமென்று தலையசைத்தார். அவள் ஏரியைப் பார்த்துக்கொண்டே, "இந்தக் கோடை முழுக்க எனக்கு இங்க ஏதோ அடைக்கிற மாதிரியே இருந்தது" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். "வீட்டைப் பத்திச் சொல்லுங்களேன். இங்க எனக்கு எல்லாம் தெரியும். எந்த ஆடு எப்ப குட்டி போடும், எந்தப் பக்கம் மேகம் வந்தா மழை, எல்லாம் தெரியும். வீடுதான் தெரியல. இவரைக் கேட்டா, நானும் உன்கூடவே இங்கதானே இருக்கேன், எனக்கு எப்படித் தெரியும்கிறார்."

டிக்கெட்காரர் சொல்ல ஆரம்பித்தார். மூன்றாவது மாடி, மழைக்கு ஒழுகும் மூலை, தையல் இயந்திரத்தின் சத்தத்தில் தூங்கிப் பழகியது, சொட்டும் குழாய்க்கு அடியில் வைத்த பாத்திரம், பாத்திரம் நிரம்பும்போது சத்தம் மாறுவது. கவுன்டரில் அவர் ஏரியைப் பற்றிச் சொல்லும்போது ஜனங்கள் எப்படி வாயைப் பிளந்து கேட்பார்களோ, அப்படி அவள் சொட்டும் குழாயைப் பற்றிக் கேட்டாள். பிறகு சால்வையை விலக்கி, வெறுமையாக இருந்த இடது கையைக் காட்டினாள்.

"இதைக் கேட்கணும்னே இருந்தேன். ஒருநாள் தூங்கி எழுந்தா கை இல்ல. அவ இந்த நூலை எடுத்து என்ன பண்ணா?"

"பாப்பாவுக்குக் குல்லாவும் காலுறையும் பின்னினா."

"பாப்பாவா?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பெஞ்சில் இருந்த இந்த இருவரும் கல்யாணமான முதல் வருடத்திலேயே கிளம்பி வந்தவர்கள். மகள் பிறந்தது இவளுக்குத் தெரியாது. குளிரில் ஒரு கை வெறுமையாக, ஏன் என்று தெரியாமலே, இத்தனை வருடம் உட்கார்ந்திருந்திருக்கிறாள். அவர் ஆய்வுக்கூட வேலை வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னார். சளி கட்டியது, குல்லாவைக் கழற்ற விடாமல் அழுதது, முதல் நாள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையைக் கடித்துவைத்தது.

"யார் ஜாடை?"

"உன் ஜாடைதான். கோபம் மட்டும் என்னோடது."

அவள் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு அழுதாள். பிறகு, ஊசி மாதிரி குத்தும் அந்தக் காற்றில் இடது கையைப் போர்த்திக்கொள்ளாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் மதியம் ஏரிக்கு அந்தப் பக்கம் மலை வெளுத்தது. விடுதிக்காரர் வந்து, பனி முந்திக்கொண்டது, இன்று கிளம்புவதுதான் கடைசிப் பேருந்து, இதை விட்டால் சாலை திறந்தபிறகுதான் என்று சொல்லிவிட்டுப் போனார். டிக்கெட்காரர் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் அவருடைய மனைவி இழுப்பில்லாமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தமில்லாத மூச்சைக் கேட்டுக்கொண்டே அவரால் குளிர்காலம் முழுவதும் அங்கே உட்கார்ந்திருக்க முடியும். ஓட்டுநர் ஹாரன் அடித்தார். இரண்டாவது தடவையும் அடித்தார். வாழ்நாள் முழுவதும் ஒரு பேருந்தையும் ஒரு நிமிடம்கூடத் தாமதமாகக் கிளம்ப விடாத மனிதர் அசையாமல் இருந்தார்.

"எழுந்திருங்க" என்றாள் அவள். "அவ மாத்திரை போடற நேரம்."

அவர் எழுந்தார். ஃபிளாஸ்க்கில் மிச்சமிருந்த தேநீரை அவளுக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

அதே குறுகலான திருப்பத்தில் இந்த முறை எதிரே வந்தது, விடுதிக்குக் குளிர்கால மாவும் மண்ணெண்ணெயும் ஏற்றி வந்த லாரி. ஓட்டுநருக்குப் பக்கத்தில் காதில் பேனாவோடு அவர் இருந்தார். இரண்டு நாளில் முகம் களைத்திருந்தது. சட்டைப் பித்தானில் மாம்பழ மஞ்சளில் ஒரு துண்டு நூல் சிக்கியிருந்தது. டிக்கெட்காரர் அதை நன்றாகவே பார்த்தார்.

மறுநாள் காலை வீட்டுக் கதவைத் திறந்த மகள், "கடை வரைக்கும் போறேன்னுட்டு எங்கப்பா போனீங்க? நேத்து மதியத்துலேர்ந்து தேடறேன். சட்டையைக்கூட மாத்தியிருக்கீங்க" என்று பொரிந்தாள். "பஸ்ஸை விட்டுட்டேன்னு கிளம்பின அன்னைக்கு சாயந்தரமே திரும்பி வந்துட்டீங்களேன்னு நான் நிம்மதியா இருந்தேன். விடிய விடிய அம்மா பக்கத்துலயே உட்கார்ந்து ரெண்டு கையிலயும் நூலைப் பிடிச்சிட்டு, அப்படிப் பேசினீங்க. நீங்க இவ்வளவு பேசுவீங்கன்னே எனக்குத் தெரியாது."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். மனைவி சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் ஸ்வெட்டர் மடியில் கிடந்தது, இடது கை முழுதாக. அவள் அவருடைய முகத்தை ஒரு நொடி பார்த்தாள். எந்த முகம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"வந்துட்டீங்களா. அவர் நல்லாப் பேசினார்ங்க. ஆடு, கழுகு, அந்தத் தண்ணி காலையில ஒரு நிறம் சாயந்தரம் ஒரு நிறம், ஒண்ணு விடாம சொன்னார். இத்தனை வருஷத்துல நீங்க மொத்தமாப் பேசினதைவிட அதிகம்."

டிக்கெட்காரருக்குச் சுருக்கென்றது. "அவருக்கென்ன, சும்மா உட்கார்ந்திருக்கிற ஆள்" என்றார்.

"பொறாமையைப் பாரு" என்று அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமானது. அடங்கியதும் கேட்டாள். "அவ எப்படி இருக்கா?"

"இழுப்பே இல்ல. தினமும் ஏரியைச் சுத்தி நடக்கிறாளாம்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நெற்றியிலிருந்து ஏதோ ஒன்று இறங்கிப் போனது போல முகம் தெளிந்தது. "வேற என்ன கேட்டா?"

"பாப்பாவைப் பத்தித்தான் கேட்டா. எல்லாம் சொன்னேன்."

"கோபக்காரின்னுமா?"

"அது என் பக்கத்துலேர்ந்து வந்ததுன்னு சொல்லிட்டேன்."

"அதையாவது ஒத்துக்கிட்டீங்களே" என்றாள். அவர் தண்ணீரும் மாத்திரையும் கொண்டுவந்தார்.

சாலை திறப்பதற்கு முன்பே, மலை முழுவதும் வெள்ளையாக இருந்தபோதே, அவள் இறந்துபோனாள். மகள், அம்மா ஆசையாக முடித்த ஸ்வெட்டரை அவள்மேல் போர்த்தலாம் என்று பெட்டியைத் திறந்தாள். பெட்டியில் பாச்சை உருண்டைகளும் ஒரு புல் விதையும்தான் இருந்தன. வீடு முழுக்கத் தேடினாள். டிக்கெட்காரர், "தேடாதேம்மா" என்றார். மகள் அதற்குப் பிறகு தேடவில்லை. தெருக்காரர்கள் வந்தார்கள், இருந்தார்கள், போனார்கள். கட்டிலுக்கு அடியிலிருந்த பையை அவர் எடுத்துத் துடைத்து, இத்தனை நாளுக்குப் பிறகு பரணில் வைத்தார்.

பனி உருகிச் சாலை திறந்தது. முதலாளியின் மகன் அவரிடம் வந்து, எப்போது வேண்டுமானாலும் எத்தனை நாள் வேண்டுமானாலும் போய் வரலாம் என்று சொன்னான். "வேண்டாம் தம்பி" என்றார் டிக்கெட்காரர். "அங்க ரெண்டு பேருக்குத்தான் இடம். நான் போனா அவர் எழுந்து வரணும். அவளைத் தனியா விட வேண்டாம்." அவர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் வழக்கம்போல உட்கார்ந்தார். மின்விசிறி வழக்கம்போல ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடியது.

முதல் பேருந்தில் போய்த் திரும்பியவர்களில் ஓர் இளம் தம்பதி, திரும்பிப் போகும் வழியில் ரயில் நேரம் கேட்க வந்தார்கள். வெளியூர்க்காரர்கள். கணவன் டிக்கெட்காரரின் காதிலிருந்த பேனாவைப் பார்த்துவிட்டு மனைவியை முழங்கையால் இடித்தான். அவள் சிரித்துக்கொண்டே, "தப்பா நினைக்காதீங்க சார், ஏரிக்கரைல உங்களை மாதிரியே ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். பக்கத்துல அவரோட வீட்டம்மா. ரெண்டு பேரும் பேசிப் பேசிச் சிரிச்சிட்டே இருந்தாங்க" என்றாள்.

"அந்த அம்மா என்ன போட்டிருந்தாங்க?" என்று டிக்கெட்காரர் கேட்டார்.

"மஞ்சள் ஸ்வெட்டர்."

"ரெண்டு கையும் இருந்துதா?"

அந்தப் பெண்ணுக்குக் கேள்வி விசித்திரமாகப் பட்டிருக்க வேண்டும். ஆனாலும் கொஞ்சம் யோசித்துச் சொன்னாள். "இருந்துது சார். ஒரு கை மட்டும் வேற மஞ்சள்."

அவர் தலையசைத்தார், ரயில் நேரத்தைச் சொன்னார். அவர்களுக்குப் பின்னால் வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. காதிலிருந்து பேனாவை எடுத்து அடுத்தவரின் பெயரைக் கேட்டு எழுதினார்.

"இடது பக்கம் உட்காருங்க" என்றார். "அருவி தெரியும்."